இரண்டு வீட்டுக் கூழ்

1

என் பாஸ்போர்ட்டில் பிறந்த மாவட்டம் சித்தூர் என்று இருக்கிறது. நான் பிறந்த ஊரோ இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்ததில் எங்கள் பக்கம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊரை விட்டு ஓடி வந்தவள் நான், என் ஊருமா ஓட வேண்டும்?

அயர்லாந்தில், கார்க் நகரத்து மழையில், சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஓர் அலுவலகத்துக்கு இதை மின்னஞ்சலில் விளக்கிக்கொண்டிருந்தேன். மகள் மீராவின் வெளிநாட்டு இந்தியர் அட்டை விண்ணப்பத்தில் தாயின் பிறந்த ஊரையும் மாவட்டத்தையும் கேட்டிருந்தார்கள். சித்தூர் என்று போட்டால் அந்த மாவட்டத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை என்றது கணினி. திருப்பதி என்று போட்டால் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று பதில் வந்தது. மூன்றாவது முறையும் அதே பதில் வந்ததும், "இவங்க நாசமாப் போக" என்று வாய் விட்டே சொல்லிவிட்டேன்.

மீராவுக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் பேசினால் அவள் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். திட்டினால் மட்டும் தமிழ் உடனே புரியும். "அம்மா, ஊர் நிஜமாவே இருக்கா? ஆர் யூ ஷ்யூர்?" என்றாள்.

"இருக்குடி. போய்ப் பார்த்து எவ்வளவோ வருஷமாச்சு, ஆனா இருக்கு."

"போகாமலே எப்படித் தெரியும்?"

அவள் பள்ளிக்கூடத்தில் காலையில் டீச்சர் ஒவ்வொரு பெயராகப் படிப்பார், பிள்ளைகள் ஐரிஷ் மொழியில் "அன்ஷோ" என்று குரல் கொடுக்க வேண்டும். இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு நீ வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணினி என் ஊரின் பெயரைப் படித்துவிட்டு யாரும் குரல் கொடுக்கவில்லை என்று எழுதிக்கொண்டது போல எனக்கு இருந்தது.

அதே வாரம் புத்தூரிலிருந்து அத்தை போன் செய்தாள். நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. எண்பத்து மூன்று வயது. நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"கஸ்தூரி, ஆடி ரெண்டாவது ஞாயித்துக்கெழம நீ இங்க இருக்கணும்."

"என்ன அத்தை திடீர்னு? லீவு கேக்கணும், டிக்கெட்..."

"கேளு. உங்க நைனாவ திருப்பதிக்கு கூட்டிகினு போறேன்னு சொல்லு, வந்துடுவான். திரும்பி வரசொல்ல ஊருக்குள்ள ஓட்டிடு. ஊருன்னு மட்டும் முன்னாடியே வாயத் தொறந்துடாத."

"ஏன் அத்தை, இந்த வருஷம் என்ன விசேஷம்?"

"ஏன் எதுக்குன்னு கேட்டுகினே இருந்தேன்னா நான் போன வச்சிடுவேன்." வைத்தும்விட்டாள்.

2

நைனா ஏன் ஊருக்கு வர மாட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் பங்காளிகள் வரிசையாக போன் செய்து, நீ எழுதியது தப்பு என்று என் உயிரை வாங்குவார்கள். நாகலாபுரத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். எல்லா ஊரிலும்தான் ஊற்றுகிறார்கள், ஆனால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி கேழ்வரகு போகும். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பித்தளைக் குண்டான் உண்டு. அது வருஷம் முழுக்கக் கோயில் பின்கட்டில் இருக்கும், அன்றைக்கு மட்டும் வெளியே வந்து வரிசையில் உட்காரும். ஒருவர் நின்று வீட்டுப் பெயரைக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆம்பளை "இருக்கறோம்" என்று குரல் கொடுத்தால் குண்டானில் கூழ் விழும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால் குண்டானைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். கேழ்வரகை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஆனால் குரல் வீட்டு ஆம்பளையுடையதாகவோ பங்காளியுடையதாகவோ இருக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணின் குரல் செல்லாது. இந்தக் கடைசி விதியை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டுக்குப் பெயர் தெற்கு வீடு. பங்காளி முனுசாமி பெரியப்பாவின் வீடு வடக்கு வீடு. அவர் நைனாவின் பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு கோடையில் முனுசாமி பெரியப்பா எங்கள் முறையில் தன் வயலுக்கு மடையைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வேர்க்கடலை காய்ந்துபோனது. ஊர் கூடிப் பேசியது. பேசப் பேசச் சண்டை முற்றியது. அந்த வருஷம் ஆடிக் கூழுக்கு முந்தின நாள் நைனா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "என் வூட்டுப் பேர இனிமே கூப்பிடாதீங்க. குண்டான எடுத்துக்கறேன்."

இனி அந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்துவிட்டதால், குண்டானை எடுத்துவர அத்தையை அனுப்பினார். அவள் திருவிழாவுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். போனவள் ஒரு துண்டில் இறுக்கி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். நைனா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த மூட்டை எங்களோடு மூன்று வாடகை வீடு மாறியது. பரணில் இருந்தது, பரண் இல்லாத வீட்டில் நைனாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அம்மா ஒருமுறை அவிழ்க்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நைனாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். கோபம் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். நானே ஊரை விட்டு வந்த பிறகுதான் அது கோபம் இல்லை என்று தெரிந்தது. பேரை எடுத்துக்கொண்டு வந்தவர், திரும்பப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல் இருந்தார்.

போன வருஷம் ஆடிக் கூழ் முடிந்த மறு வாரம் முனுசாமி பெரியப்பா இறந்துவிட்டார். தகவல் வந்தது. நைனா போகவில்லை. அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவும் இல்லை என்று என் தம்பி போனில் சொன்னான்.

3

லீவு கிடைத்தது. நான் நர்சாக வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் மேலாளர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என்ன சொல்வது? "கூழ் ஊற்றுகிறார்கள்" என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்றேன். அதுவும் உண்மைதான். மீராவைக் கூப்பிட்டேன். அவளுக்கு நீச்சல் முகாம் இருந்தது. முதலில் பதிவு செய்தது அதுதான், என் ஊர் அப்புறம்தான்.

அம்பத்தூரில் தம்பி கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். அயர்லாந்திலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம், அதனால் ஒன்றும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். திருவள்ளூர் தாண்டுவதற்குள் பயம் வந்துவிட்டது. நைனா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆரன் அடி, ஆரன் அடி. இன்னா பாப்பா, அந்த ஊர்ல ஆரனே கெடயாதா?" என்று நச்சரித்துக்கொண்டே வந்தார். புத்தூரில் அத்தை ஏறிக்கொண்டாள். காலடியில் இரண்டு பைகளை வைத்துக்கொண்டாள்.

"பையில் என்ன அத்தை?"

"கேவுரு." கேழ்வரகுப் பைகளைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டாள்.

திருமலையில் நைனா மொட்டை போட்டுக்கொண்டார். எழுபத்து எட்டு வயதில் தலையில் இருந்ததே கொஞ்சம். அதைக் கொடுத்துவிட்டு, மொட்டையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, சின்னப் பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தரிசனம் முடிந்து பஸ்ஸில் கீழே இறங்கியதும், அலிபிரியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றார். முழங்கால் ஒத்துழைத்த காலத்தில் வருஷா வருஷம் இந்தப் படிகளில்தான் மலை ஏறுவாராம். கூட யார் வருவார்கள் என்று கேட்டேன்.

"முனுசாமி அண்ணன்தான்" என்றார். "பாதி மலைல காலு வலிக்குதுன்னு உக்காந்துக்குவான். அவன் துணிமூட்டையையும் நான்தான் தூக்கணும்."

அத்தை மெதுவாக ஆரம்பித்தாள். "டேய் கோபாலு, நாளைக்கு கூழு. அந்த வழியாத்தானே போறோம்..."

"அக்கா, அந்தப் பேச்சு வேணாம்."

"ஒரு எட்டு பாத்துட்டு..."

"இன்னான்னு சொல்லிகினு போறது? பேர எடுத்துகினு வந்தவன் கூழு குடிக்க வந்துட்டான்னு நாலு பேர் சிரிக்கறதுக்கா?"

அவர் செருப்பை எடுத்து வர நான் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். அவருடைய பைக்குக் கீழே, பழைய போர்வைக்குள் அந்தத் துண்டு மூட்டை இருந்தது. அம்பத்தூர் கட்டிலுக்கு அடியில் இருந்ததை, யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறார். போக மாட்டேன் என்று வாய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. குண்டானைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கத்தான் அவர் வந்திருக்கிறார். மூடிவிட்டு, பார்க்காதது மாதிரி செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை நாகலாபுரத்தில் வேதநாராயண பெருமாளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் அத்தை. பார்த்தோம். வெளியே வந்து கார் எடுத்ததும், "லெஃப்ட்டு" என்றாள்.

"சென்னை நேரா போகணும் அத்தை."

"லெஃப்ட்டுன்னா லெஃப்ட்டு."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பினேன்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் சச்சிவாலயம் என்று தெலுங்கில் எழுதிய புதுக் கட்டடம், கிராம அலுவலகம். அதன் சுவரில் ஊர்ப் பெயரும், மண்டலமும், திருப்பதி ஜில்லா என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு மின்னஞ்சல் போட்ட புண்ணியவானுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் யாரோ மாடி வீடு கட்டி, பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். நைனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடக்கு வீடு அப்படியே இருந்தது. பூட்டுத் தொங்கியது.

கோயிலுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பந்தல், மைக் செட், அடுப்பில் அண்டா, கருவாட்டுக் குழம்பு வாசனை. குண்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அத்தை இரண்டு பைக் கேழ்வரகையும் எடுத்துக்கொண்டு, வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் பந்தலுக்குப் போனாள். காய்ச்சுகிற கூழுக்கு மாவு ஏற்கெனவே போயிருக்கும், ஆனால் கடைசி நிமிஷம் வரைக்கும் கேழ்வரகை வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

"வாங்க நைனா, இறங்கலாம்" என்றேன்.

"நீ போ பாப்பா. நான் இங்கியே கீறேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"எல்லாம் முடியட்டும். ஜனம் போனப்புறம் அந்தக் கூப்பிடறவர் கிட்ட மட்டும் நான் பேசிக்கறேன்." பின்னால் கையை நீட்டினார். "அந்த மூட்டைய எடுத்துக் குடு. நீ அதப் பாத்துட்ட, எனக்குத் தெரியும்."

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். "சேத்துக்குவாங்களா பாப்பா?" என்று கேட்டார். முப்பது வருஷம் மெஷினோடு மெஷினாக நின்ற மனுஷன், பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளை மாதிரி கேட்கிறார். தெரியவில்லை நைனா என்றுதான் சொன்னேன்.

5

கூப்பிடுகிறவர் பெயர் சேகர். நாற்பது வயது இருக்கும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். பெயர் சொல்வார், குரல் வரும், கரண்டி விழும். காரில் இருந்தே எல்லாம் தெளிவாகக் கேட்டது. நைனா ஒவ்வொரு பெயருக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். வரிசை அவருக்கு மனப்பாடம்.

"தெக்கு வூடு!"

நைனா என் கையைப் பிடித்தார். "இன்னா கூப்பிட்டான்?"

"தெற்கு வீடுன்னு."

"அதெப்படி கூப்பிடுவான்? குண்டான் என் மடியில இல்ல கீது?"

பந்தலில் யாரும் குரல் கொடுக்கவில்லை. நைனா துண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருஷத்து முடிச்சு, இறுகிப்போயிருந்தது. நான் பல்லால் கடித்து இழுத்தேன். உள்ளே ஓர் ஈயம் பூசிய குண்டான் இருந்தது. உள்பக்கம் மோர்க் கறை படிந்து வெளுத்திருந்தது.

"தெக்கு வூடு! ரெண்டாவது வாட்டி!"

"இது நம்முது இல்ல பாப்பா" என்றார் நைனா. "நம்முதுல விளிம்புல ஒரு நசுங்கல் இருக்கும். நான் சின்ன வயசுல கெணத்துல போட்டது."

அதற்குள் அத்தை பந்தலிலிருந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். கையை ஆட்டிக்கொண்டே கத்தினாள். "டேய் கோபாலு! அது என் மாமியா வூட்டு மோர்க் குண்டான்டா! உன்னுது அங்கதான் கீது, நான் எடுக்கவே இல்ல! மூணாவது கூப்பிடறதுக்குள்ள வாயத் தொறடா பாவி! கவுத்துடுவாங்க!"

நைனா கதவைத் திறந்து இறங்கினார். மோர்க் குண்டான் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு அடி நடந்தார், நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சேகர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"தெக்கு வூடு! மூணாவ..."

"இருக்கறோம்!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அம்பத்தூரில் டிவி சத்தத்துக்கு மேலே கேட்காத குரல் அது. பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "யாரு? கோபாலா? கோபாலுதான்!" என்று யாரோ வயதானவர் சொல்வது கேட்டது. சேகர் கரண்டிக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளைக் குண்டானில் கூழ் விழுந்தது.

பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நைனாவை உட்கார வைத்து, அந்தக் குண்டானை மடியில் கொடுத்தோம். இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன. அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு குண்டான எடுக்கப் போனனா. பின்கட்டுல முனுசாமி உக்காந்துகினு இருந்தான். கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சி. அக்கா எடுக்காத, கோவத்துல சொல்லிட்டான், அவன் திரும்பி வர்ற வரிக்கும் நான் கத்தறேன்னான். நான்தான் வேற வழி தெரியாம, மாமியா வூட்ல இருந்து மோரு கொண்டாந்த குண்டான கட்டி எடுத்தாந்தேன். சாவற வரிக்கும் என் மாமியா அந்தக் குண்டான் எங்கடின்னு கேட்டுகினே இருந்தா."

"நாப்பத்திரண்டு வருசமா?" என்றார் நைனா.

"போன வருசம் வரிக்கும். தன் வூட்டுக்கு ஒரு படி, உன் வூட்டுக்கு ஒரு படி. ரெண்டுக்கும் அவனே கத்துவான். உன் கூழையும் அவனே குடிப்பான். ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அக்கா?"

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினான். சொன்னா ரோசத்துல வந்து நெசமாவே எடுத்துகினு போயிடுவான்னான். உன்ன அவனுக்குத் தெரியும்டா. இந்த வருசம் அவன் இல்ல. நான் கட்டிகினு போனவ, என் கொரலு எடுபடாது. உன் மவன்கிட்ட சொன்னேன், கூழுக்கு லீவு கேக்க முடியுமா அத்தைன்னான். அதான் இவள வரச் சொன்னேன்."

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "சாவுக்குக்கூட வரலியேக்கா" என்றது குரல்.

நான் அழுதேன். அழுதேன் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. ஒரு மனுஷன் நாற்பது வருஷத்துக்கும் மேல் தன் பகையாளியின் பெயரைச் சாகவிடாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறான். இந்தப் பக்கம் நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டே மூன்று வீடு மாறியிருக்கிறோம்.

மூத்த வீட்டைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு குண்டான் மிச்சம் இருந்தது.

"வடக்கு வூடு!"

பெரியப்பாவின் மகன் பெங்களூரில் இருக்கிறான். பதினோராம் மாதமே வருஷத் திவசத்தை முடித்துவிட்டுப் போனவன், கூழுக்கு வரவில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வடக்கு வூடு. ரெண்டாவது வாட்டி." சேகரின் குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் கவிழ்க்க மனமில்லை.

நைனா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சந்தனம் காய்ந்த மொட்டைத் தலை, கையில் நசுங்கிய குண்டான். மூன்றாவது முறை கூப்பிட விடவில்லை.

"இருக்கறோம்!"

"நீங்க தெக்கு வூடுதானே பெரியப்பா?" என்றார் சேகர்.

"ரெண்டு வூடும் நான்தான். ஊத்துடா."

6

இரண்டு குண்டான்களையும் வடக்கு வீட்டு வாசலுக்கு எடுத்துவரச் சொன்னார். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தார். முதலில் நசுங்கல் குண்டானை எனக்கும் அத்தைக்கும் கொடுத்துவிட்டார். வடக்கு வீட்டுக் குண்டானைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக் கடித்துக் குடிக்க ஆரம்பித்தார்.

ஒன்றரை லிட்டராவது இருக்கும். பாதிக்கு மேல் போகும்போது அத்தை பதறினாள். "போதும்டா. சக்கர ஏறிடும்."

"கேவுருக்கு சக்கர ஏறாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு."

"ஒரு டம்ளருக்கு சொல்லியிருப்பாரு. குண்டானுக்கு சொல்லியிருக்க மாட்டாரு."

"அவன் இத்தினி வருசம் என் பங்கக் குடிச்சான் இல்ல. அவனுது ஒரு வருசமாச்சும் நான் குடிச்சுட்டுப் போறேன், வுடுக்கா."

நர்சாக நான் அந்தக் குண்டானைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. அவர் அடிவரை குடித்தார். கடைசியில் இரண்டு குண்டான்களையும் கழுவி, தானே கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தார். கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சத்தியம் அவருக்கு ஞாபகம் வந்ததாகவே தெரியவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு குண்டான்களும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.

கிளம்பும்போது சேகரிடம் கறாராகப் பேசினார். "தோ பாருப்பா. அடுத்த வருசம் நான் இருப்பேனோ இல்லியோ. எனக்கு அப்புறம் என் பொண்ணு கொரலு குடுப்பா. அவ பொண்ணும் குடுப்பா. எழுதிக்க."

"பொண்ணுங்க கொரலு... பழக்கம் இல்லியே பெரியப்பா."

"உங்க பழக்கத்தாலதான் எங்க அக்கா இத்தினி வருசம் வாயக் கட்டிகினு நின்னா. இவ அயர்லாந்துல இருந்து வர்றா. இவ வாய அடைக்க உன்னால முடியும்னா அடைச்சுக்க."

சேகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "எழுதறதுக்கு நம்ம கிட்ட நோட்டு எங்க கீது? கத்தினா ஊத்தப் போறோம்."

அத்தை மோர்க் குண்டானை மறக்காமல் தேடி எடுத்துக்கொண்டாள். சொர்க்கத்துக்குப் போனால் மாமியாரிடம் காட்ட வேண்டுமாம்.

7

கார்க் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழை. மீராவின் பள்ளி திறந்துவிட்டது. சச்சிவாலயச் சுவரின் போட்டோவை அந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன். தெலுங்கில் இருக்கிறது, மொழிபெயர்ப்புச் சான்றிதழோடு அனுப்பவும் என்று பதில் வந்தது. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. ஊர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவர்கள் மெதுவாகத் தெரிந்துகொள்ளட்டும்.

நடந்ததை மீராவிடம் முழுக்கச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். இடையில் போனை எடுக்காமல் கேட்டாள். கடைசியில், "அந்தத் தாத்தா ரெண்டு பேர் கூழையும் தனியா குடிச்சாரா? ஒவ்வொரு வருஷமும்?" என்றாள். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சரி, அவ்வளவுதான் போயிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நைனா வீடியோவில் வந்தார். மொட்டையில் வெள்ளையாக முள் முளைத்திருந்தது. பெங்களூர்ப் பையனோடு போனில் பேசினாராம், அடுத்த ஆடிக்கு வருகிறேன் என்றானாம். சந்தோஷத்தில் இருந்தார். "கூப்பிட்டா கத்துவியா பாப்பா? எங்க, பாக்கலாம்" என்று சேகர் மாதிரியே கையை வாயருகே வைத்துக்கொண்டார்.

"தெக்கு வூடு!"

நான் அப்போது அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கிவிட்டது. அணைப்பதற்குள் அவர் இரண்டாவது முறையும் கூப்பிட்டுவிட்டார். நான் துணியைத் தேடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதும் வந்தது.

"தெக்கு வூடு! கவுத்துடப் போறேன்!"

மாடி அறையிலிருந்து மீராதான், வீட்டுப்பாடத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் கத்தியிருப்பாள், வீடே அதிர்ந்தது.

"அன்ஷோ!"

நைனா போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இன்னா சொல்றா?" என்றார்.

"இருக்கறோம்னு சொல்றா நைனா" என்றேன்.